வயலுக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு கான் பெற்றோல்

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பத்தின் வாழ்க்கை பெரும்பாலும் இரண்டு இடங்களில் நடக்கிறது. குடும்பம் ஓரிடத்தில், வயல் வேறோரிடத்தில். பிள்ளைகளின் படிப்புக்காக யாழ்ப்பாணத்தில் உறவினர் வளவில் குடியிருந்துகொண்டு, கிளிநொச்சிப் பக்கம் போய் விதைத்து வருகிறவர்கள் உண்டு. மன்னாரில் இருந்துகொண்டு முழங்காவில் பக்கத்தில் தோட்டம் செய்பவர்களும் உண்டு. 2011 ஆம் ஆண்டு சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் பூநகரி வழியாகப் போய்வருவது சுலபமாயிற்று. தூரம் குறைந்ததே தவிர, பயணம் குறையவில்லை.

இப்படிப் போகிறவர்களுக்குப் பேருந்து ஒத்துவருவதில்லை. விதைப்பை, மருந்து தெளிக்கும் கருவி, மண்வெட்டி, சாப்பாட்டுப் பொதி என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, நினைத்த நேரத்தில் புறப்பட மோட்டார் சைக்கிள்தான் வேண்டும். அந்த மோட்டார் சைக்கிளின் ஹான்டிலில், அநேகமாக ஒரு சொப்பிங் பையில், ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் ஒன்று தொங்கும். அதற்குள் இருப்பது சோடா அல்ல, பெற்றோல். வழியில் முடிந்துவிட்டால் ஊற்றுவதற்கு, அல்லது வயலில் நீர் இறைக்கும் இயந்திரத்திற்கு. அந்தப் போத்தலைப் பற்றியே இப்பாடத்தில் நோக்குவோம்.

கூட்டமொன்றில் இதைப் பற்றிப் பேசியபோது ஒரு முதியவர் எழுந்து, "சுவாமி, முப்பது வருசமாய் இப்பிடித்தான் கொண்டு போறம். ஒண்டும் நடக்கேல்லைத்தானே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்த முப்பது ஆண்டுகளில் போத்தலுக்குள் இருந்தது எப்போதும் ஒரே பொருள் அல்ல என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் தொடங்கிய பின்னர், வடக்கிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இயந்திரத்தை எழுப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். எழும்பிய பின் மண்ணெண்ணெய். பெற்றோல் பொன்னைப் போலச் சின்னக் குப்பியில் இருந்தது. போத்தல் போத்தலாகக் கொண்டு திரிந்ததெல்லாம் மண்ணெண்ணெய்தான். கடதாசியைச் சுருட்டி அடைத்தோம், கட்டிலுக்குக் கீழே வைத்தோம், அடுப்பங்கரையில் வைத்தோம். மண்ணெண்ணெய் அதைப் பொறுத்துக்கொண்டது. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னரும், பிறகு 2009க்குப் பின்னரும் பெற்றோல் தாராளமாக வந்தது. போத்தலுக்குள் இருந்த பொருள் மாறியது, கைப்பழக்கம் மாறவில்லை. மண்ணெண்ணெயிடம் படித்த பாடத்தைப் பெற்றோலிடம் ஒப்புவிக்கிறோம்.

இரண்டிற்கும் என்ன வித்தியாசம்? எரிவது திரவம் அல்ல. திரவத்திலிருந்து எழும் ஆவி காற்றோடு கலந்துதான் எரிகிறது. மண்ணெண்ணெயின் மேற்பரப்பில் தீப்பற்றக்கூடிய அளவு ஆவி சேருவதற்கு அது ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக வேண்டும். பெற்றோலுக்கோ பூச்சியத்திற்குக் கீழே 40 பாகை அளவிலேயே அது போதும். எங்கள் நாட்டில் எந்த மாதத்திலும், எந்தச் சாமத்திலும், திறந்த பெற்றோல் போத்தலின் வாயில் தீக்கு வேண்டிய ஆவி காத்துக்கொண்டே இருக்கிறது. (மண்ணெண்ணெயும் வெயிலில் சூடேறினால் இந்த நிலைக்கு வரும். சாக்கில் அல்லது திரியில் ஊறினாலும் எளிதில் பற்றும். ஆகவே அதையும் சாது என்று எண்ண வேண்டாம்.)

பெற்றோல் ஆவிக்கு இன்னொரு குணம், அது காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. அடுப்புப் புகை போல மேலே போய்க் கலைந்துவிடாது. தண்ணீரைப் போலத் தாழ்ந்த இடம் தேடி நிலத்தோடு ஊர்ந்து போகும். கண்ணுக்குத் தெரியாது. கானை நீங்கள் வாசலில் திறந்து வைத்திருக்க, அது கொட்டிலுக்குள் ஊர்ந்து அடுப்பைத் தொடும். அங்கே பற்றிய தீ வந்த வழியே திரும்பிக் கானுக்கு ஓடி வரும். "நான் நெருப்புக்குக் கிட்டப் போகவேயில்லை" என்று, தீக்காயப்பட்டவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். அவர்கள் போகவில்லை, ஆவி போனது. 100 மில்லிலீற்றர், அதாவது ஒரு சிறிய தேநீர்க் கோப்பை அளவு பெற்றோல் முழுதும் ஆவியானால், ஒரு கன மீற்றருக்கும் அதிகமான காற்றைத் தீப்பற்றும் கலவையாக மாற்றிவிடும். ஒரு தறப்பாள் கொட்டிலின் மூலை ஒன்றுக்கு அது போதும்.

இனி, மேலதிகப் பெற்றோல் உண்மையில் தேவைதானா என்று கணக்குப் பார்ப்போம். சாதாரண 100 சீசீ மோட்டார் சைக்கிள் நல்ல வீதியில் ஒரு லீற்றருக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். சுமையும் கிரவல் பாதையும் சேர்ந்தால் 40 என்று வைத்துக்கொள்வோம். வயல் 70 கிலோமீற்றர் தூரத்தில் இருந்தால், போய்வர 140 கிலோமீற்றர், மூன்றரை லீற்றர். இத்தகைய மோட்டார் சைக்கிளின் தாங்கி பொதுவாக 9 அல்லது 10 லீற்றர் கொள்ளும். ஆகவே தாங்கியில் ஐந்து லீற்றர் இருந்தாலே போய்வந்து மிச்சமும் இருக்கும். ரிசேவ் வேறு இருக்கிறது.

அப்படியானால் ஏன் போத்தல்? விசாரித்துப் பார்த்தால் காரணங்கள் மனித இயல்பானவை. கையில் இருக்கும் காசுக்கு அன்றன்றைக்கு ஒரு லீற்றர், இரண்டு லீற்றர் அடிப்பது ஒன்று. வயலில் நிறுத்திவிட்டுப் போனால் தாங்கியிலிருந்து களவெடுத்துவிடுவார்கள் என்ற பயம் இன்னொன்று. 2022 ஆம் ஆண்டின் வரிசைகளை நாங்கள் மறக்கவில்லை என்பது மூன்றாவது. அந்த ஆண்டு கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான் கிடைத்தது. கிடைத்ததையெல்லாம் போத்தலில் சேர்த்து வைக்க எல்லோரும் பழகினார்கள். 2023 செப்தெம்பரில் அந்தப் பங்கீடு நீக்கப்பட்டது. ஆனால் சேர்த்து வைக்கும் எண்ணம் வீடுகளை விட்டு நீங்கவில்லை.

போத்தலில் ஊற்றும் அந்த ஒன்றரை லீற்றரைத் தாங்கிக்குள் ஊற்றினால் என்ன? மோட்டார் சைக்கிளின் தாங்கி தடித்த உலோகம். இறுக்கமான மூடி, பூட்டு, ஆவி வெளியேறுவதற்கு வழி, சைலன்சரிலிருந்து விலகிய இடம் எல்லாம் அதில் உண்டு. ஒரு தொழிற்சாலை யோசித்துச் செய்த கான் அது. களவுக்குப் பயந்தால் பூட்டு மூடி ஒன்று போடலாம். நாம் செய்யும் எந்த ஏற்பாடும் அதற்கு ஈடாகாது. ஆகவே தாங்கியை நிரப்பிய பிறகும் தேவை மிஞ்சினால் மாத்திரமே கானைப் பற்றி நினைக்க வேண்டும். நீர் இறைக்கும் இயந்திரத்திற்காகவோ, எரிபொருள் நிலையமே இல்லாத உட்புறக் கிராமத்தில் நாலைந்து நாள் தங்குவதற்காகவோ அது தேவைப்படலாம். அப்போதும் வழிப் பயணத்திற்கு இரண்டு லீற்றரே தாராளம். இயந்திரத்திற்கு என்றால் ஐந்து லீற்றருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் ஏற்றாதிருப்பதே புத்தி.

பத்துக் கன்னியர் உவமையில் புத்தியுள்ள ஐவரும் விளக்கோடு தனிப் பாத்திரத்திலும் எண்ணெய் கொண்டு போனார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். முன்னேற்பாட்டிற்கு நல்ல உதாரணம். நானும் பிரசங்கத்தில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர்கள் கொண்டு போனது ஒலிவ எண்ணெய். அதைச் சட்டியில் கொண்டு போகலாம். பெற்றோலுக்குப் பாத்திரம் எது என்பதும் புத்தியின் ஒரு பகுதியே.

சோடாப் போத்தலை எடுத்துக்கொள்வோம். "சோடாவின் காற்றையே தாங்குகிற போத்தல், பெற்றோலைத் தாங்காதா?" என்று கேட்பார்கள். முதலாவது, அதன் மூடி பெற்றோலுக்கென்று செய்யப்பட்டதல்ல. பெற்றோல் பட்டுக்கொண்டே இருந்தால் மூடியின் உள்வளையம் இளகி, ஆவி கசியத் தொடங்கும். இரண்டாவது, போத்தலின் சுவர் மிக மெல்லியது. கிரவல் பாதையில் இருபது கிலோமீற்றர் இரும்பில் உரசினால் ஓட்டை விழும். மூன்றாவது, அந்தப் பிளாஸ்ரிக் ஏறத்தாழ 75 பாகையில் இளகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் சைலன்சர் அதைவிடப் பல மடங்கு சூடானது. ஹான்டிலில் தொங்கும் பை அறுந்து போத்தல் சைலன்சரில் விழுந்தால் என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. நாலாவது காரணமே எனக்குப் பெரிதாகப் படுகிறது: அது பார்வைக்குக் குடிக்கிற சாமான். வெயிலில் விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்குச் சோடாப் போத்தல் என்றால் சோடாதான்.

கண்ணாடிப் போத்தல் உடையும். பழைய பால்மாத் தகரம் பொருத்தில் துருவேறி ஒழுகும். களைநாசினி, பூச்சிநாசினி வந்த கான்களை எதற்கும் பாவிக்கக்கூடாது. எவ்வளவு கழுவினாலும் நஞ்சு மிச்சம் இருக்கும். அதோடு இரண்டும் ஒரே கொட்டிலில் ஒரே மாதிரியான கானில் இருந்தால், இருட்டில் எதை எடுக்கிறோம் என்பது தெரியாது.

எரிபொருளுக்கென்றே விற்கப்படும் தடித்த பிளாஸ்ரிக் கான் அல்லது உலோக ஜெரிக்கான் வாங்குங்கள். பிளாஸ்ரிக் கானின் அடியில் முக்கோணக் குறிக்குள் 2 என்ற இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் மட்டும் போதாது, தண்ணீர்க் கானிலும் அதே இலக்கம் இருக்கும். சுவர் கையால் அமத்தினால் நெளியாத தடிப்பாக இருக்க வேண்டும். மூடி திருகி இறுகுவதாயும் உள்ளே றப்பர் வளையம் உள்ளதாயும் இருக்க வேண்டும். சோதிப்பது சுலபம். தண்ணீர் நிரப்பி மூடி, தலைகீழாக ஒரு இரவு வைத்துப் பாருங்கள். ஒரு துளி கசிந்தாலும் அது பெற்றோலுக்கு உதவாது. கசியாவிட்டால் தண்ணீரை ஊற்றி நன்றாகக் காயவிட்ட பிறகே பாவியுங்கள். நல்ல கான் வாங்க வசதி இல்லாதவர் இயந்திர ஓயில் வந்த நாலு லீற்றர்க் கானைப் பாவிப்பதுண்டு. அது நல்லது என்று சொல்லமாட்டேன். சோடாப் போத்தலிலும் கெடுதி குறைந்தது என்று மட்டும் சொல்வேன். நாலு குடும்பம் சேர்ந்து ஒரு நல்ல கான் வாங்கி, போகிறவர் எடுத்துப் போவது அதைவிட நல்ல யோசனை. சங்கங்கள் இதைச் செய்யலாம்.

கானைச் சிவப்பாகப் பூசி, "பெற்றோல்" என்று பெரிதாக எழுதிவிடுங்கள். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் சிவப்புத் தெரியும்.

நிலையத்தில் நிரப்பும்போது கான் நிலத்தில் இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளின் கரியரில் கட்டியபடியே நிரப்புவது நமது வழக்கம். அதை விட்டுவிடுங்கள். பெற்றோல் குழாயால் பாய்ந்து வரும்போது நிலைமின் உண்டாகிறது. நைலோன் சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று பொரிகிறதே, அதுதான். கான் நிலத்தில் இருந்தால் அந்த மின் மண்ணுக்குள் இறங்க வழியுண்டு. றப்பர் சில்லின் மேல் நிற்கும் மோட்டார் சைக்கிளிலோ, பிளாஸ்ரிக் பெட்டியிலோ, உரப்பையின் மேலோ இருந்தால் இறங்க வழியில்லை. அது பொறியாகப் பாயும். குழாயின் முனை கானின் வாயில் தொட்டபடி இருக்கட்டும், மெதுவாக நிரப்பச் சொல்லுங்கள். கானில் பெற்றோல் கொடுப்பது பற்றிய விதிகள் காலத்துக்குக் காலம் மாறுவதால் நிலையத்தில் கேட்டு நடவுங்கள். ஊழியர் மறுத்தால் அவரோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை.

கழுத்துவரை நிரப்பாதீர்கள். பெற்றோல் சூட்டில் விரியும் பொருள். காலை ஐந்து மணிக்கு நிரப்பிய ஐந்து லீற்றர், மத்தியான வெயிலில் 20 பாகை கூடச் சூடானால், ஏறத்தாழ 100 மில்லிலீற்றர் பெருகும். அந்தத் தேநீர்க் கோப்பைதான் இது. இடம் இல்லாவிட்டால் அது மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். பத்தில் ஒரு பங்கு வெற்றிடம் விடுங்கள்.

எங்கே கட்டுவது? ஹான்டிலில் வேண்டாம், தொங்குகிற பாரம் திருப்பத்தில் கையை இழுக்கும், விழுந்தால் முதலில் உடைவதும் அதுதான். முதுகுப் பையில் வேண்டவே வேண்டாம். ஒழுகினால் உடுப்பு நனையும், நனைந்த உடுப்பைவிட மோசமான திரி வேறில்லை. தாங்கியின் மேல் மடியில் அணைத்துக்கொண்டு போவதும் அப்படியே. ஸ்கூட்டரின் இருக்கைக்குக் கீழுள்ள பெட்டி பாதுகாப்பானது போலத் தோன்றும். ஆனால் அது மூடிய இடம். கீழே இயந்திரச் சூடு, பக்கத்தில் மின்கம்பிகள். கசிந்த ஆவி போக வழியில்லை. அங்கும் வேண்டாம். சைலன்சர் பெரும்பாலும் வலப்பக்கம் இருப்பதால், இடப்பக்கத்தில் பதிவாக, அல்லது பின் கரியரில் நிமிர்த்தி, இரண்டு திசையிலும் ரியூப் றப்பரால் இறுக்கிக் கட்டுங்கள். கானுக்கும் இரும்புக்கும் இடையில் மடித்த சாக்கு ஒன்று வையுங்கள். மேலே வெள்ளை மாப்பை ஒன்றைப் போர்த்தினால் வெயில் தாக்காது. பத்துக் கிலோமீற்றர் போனதும் ஒருமுறை நிறுத்திக் கட்டைப் பாருங்கள். கிரவல் பாதையில் எந்தக் கட்டும் தளரும்.

மனைவியும் பிள்ளையும் ஏறினால் கானை ஏற்றாதீர்கள். இடப்பக்கம் கால்போட்டு இருப்பவரின் காலடியில் பெற்றோல் கான், முன்னால் தாங்கியில் பிள்ளை என்று போவதைக் கண்டிருக்கிறேன். மூன்று பேருக்கும் விழுகிற இடம் ஒன்றுதான். குடும்பத்தோடு போகும் நாளில் தாங்கியை நிரப்பிக்கொண்டு போங்கள், போதும்.

வழியில் ஊற்ற வேண்டி வந்தால், வீதியை விட்டு இறங்கி நிழலில் நிறுத்துங்கள். இயந்திரத்தை நிற்பாட்டியதும் உடனே ஊற்றக்கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் ஆறட்டும். இந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் நமது ஆட்கள் பீடியைப் பற்ற வைக்கிறார்கள்! புகைக்கிறவர் எத்தனை பாகம் தள்ளி நிற்க வேண்டும் என்று கேட்க வேண்டாம், கானை மூடிக் கட்டி முடியும்வரை புகைக்கவே வேண்டாம். மூடியை ஒரேயடியாகத் திறக்காமல் கொஞ்சமாகத் திருகி, "உஸ்" என்ற சத்தம் அடங்கியபின் முழுதும் திறவுங்கள். புனல் இல்லாமல் ஊற்றாதீர்கள். சூடான இயந்திரத்தின் மேல் சிந்தினால் துடைத்துக் காய்ந்த பிறகே எழுப்புங்கள். நீர் இறைக்கும் இயந்திரத்திற்கும் இதே விதிதான். தண்ணீர் அரைவாசியில் நிற்கிறதே என்ற அவசரத்தில், ஓடிச் சூடேறிய இயந்திரத்திற்கு அப்படியே ஊற்றுவதால் நேரும் விபத்துகள் வீதியில் நேர்வதைவிடக் குறைந்தவை அல்ல.

மடுத் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யூலையிலும் ஓகஸ்டிலும் காட்டு மரங்களின் கீழ்க் கூடாரம் அடித்து, பக்கத்தில் கல்லடுப்பு மூட்டிச் சமைக்கிறோம். மோட்டார் சைக்கிளில் வந்தவர் கானை அவிழ்த்துக் களவு போகாமல் கூடாரத்துக்குள், தலைமாட்டில் வைக்கிறார். அங்கே பெற்றோல், இங்கே அடுப்பு, நடுவில் உறங்கும் பிள்ளைகள். கொண்டு போன பெற்றோலை வந்திறங்கி இயந்திரம் ஆறியவுடன் தாங்கிக்குள் ஊற்றிவிட்டு, வெறும் கானை மூடியோடு வெளியே வையுங்கள். வெறும் கானுக்குள்ளும் ஆவி இருக்கிறது. அதைச் சமையலுக்குத் தண்ணீர் அள்ளப் பாவிக்கக்கூடாது.

வீட்டிலும் அதுவே. கிடுகுக் கொட்டிலுக்குள்ளோ தகரக் கொட்டிலுக்குள்ளோ பெற்றோல் வேண்டாம். மிஞ்சியதைத் தாங்கிக்குள் ஊற்றுங்கள். முடியாவிட்டால் கொட்டிலிலிருந்து தள்ளி, அடுப்புக்குக் காற்று வீசாத பக்கமாக, பூட்டக்கூடிய நிழலான இடத்தில் வையுங்கள். மண்ணெண்ணெய்ப் போத்தலும் பெற்றோல் கானும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது மிகப் பெரிய ஆபத்து. குப்பி விளக்குக்குத் தவறிப் பெற்றோல் ஊற்றினால், அல்லது மண்ணெண்ணெயில் பெற்றோல் கொஞ்சம் கலந்துவிட்டாலே, விளக்கு வெடிக்கும். குப்பி விளக்கினால் எரிந்தவர்களைத் தன் சத்திரசிகிச்சை மேசையில் கண்டு மனம் வெதும்பிய மருத்துவர் விஜய கொடகும்புர என்பவர், 1990களில் சரிந்தாலும் உருளாத, கட்டையான, திருகு மூடியுள்ள பாதுகாப்பு விளக்கை உருவாக்கி நாடெங்கும் பரப்பினார். அதற்காக 1998 ஆம் ஆண்டு அவருக்கு ரொலெக்ஸ் விருது கிடைத்தது. ஆனால் எவ்வளவு நல்ல விளக்கும் உள்ளே ஊற்றுவது பெற்றோல் என்றால் காப்பாற்றாது. மணத்தில் சந்தேகம் இருந்தால் விளக்குக்கு ஊற்றாதீர்கள்.

தாங்கியிலிருந்து பெற்றோல் எடுக்க ரியூப்பை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். வயிற்றுக்குள் போவதைவிட, புரைக்கேறிச் சுவாசப்பைக்குள் போகும் ஒரு மிடறு ஆபத்தானது. எரிபொருள் திருகுள்ள மோட்டார் சைக்கிளில் இயந்திரம் ஆறிய பின், வெளியில் வைத்து, காபரேற்றருக்குப் போகும் குழாயைக் கழற்றித் திருகைத் திறந்தால் தானாகவே வரும்.

யாராவது பெற்றோல் குடித்துவிட்டால், முக்கியமாகப் பிள்ளைகள், வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். வாந்தியோடு அது மீண்டும் சுவாசப்பைக்குள் போகும். தேங்காய்ப் பால், உப்புத் தண்ணீர் ஒன்றும் கொடுக்க வேண்டாம். உடனே வைத்தியசாலை. உடுப்பில் ஊற்றுண்டால் அடுப்பிலிருந்து விலகிப் போய் உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். உடுப்பில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது, நிலத்தில் விழுந்து உருள வேண்டும். மற்றவர்கள் ஈரச்சாக்கால் மூட வேண்டும். நிலத்தில் எரியும் பெற்றோலுக்குத் தண்ணீர் ஊற்றினால் அது தண்ணீரின் மேல் மிதந்து பரவும். மணலைப் போடுங்கள். எரிந்த இடத்தில் ஓடும் தண்ணீரை 20 நிமிடம் விடுங்கள். கிணற்றடியில் வாளியால் மெல்ல ஊற்றிக்கொண்டிருந்தாலும் சரி. பற்பசை, தேங்காயெண்ணெய், மை எதுவும் பூசக்கூடாது. ஒட்டிய துணியை இழுக்கக்கூடாது. சுத்தமான துணியால் தளர்வாக மூடி, 1990 என்ற இலக்கத்திற்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். எந்தச் சந்தியிலிருந்து எத்தனையாவது கட்டையில் இருக்கிறீர்கள் என்பதை அழைப்பவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். வயல் கொட்டிலுக்கு வழி காட்ட ஒருவரை முன்கூட்டியே பிரதான வீதிக்கு அனுப்பிவிடுங்கள்.